ஒரு மா நிலம், ஐந்து மாற்றம், ஒரே கணம்

ஒரத்தநாடு வட்டத்தில் ஒக்கநாடு கீழையூர், ஒக்கநாடு மேலையூர் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். கீழையூரில் ஒருவருக்கு மூன்று மா நஞ்சை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பட்டாவில் அது 40.5 ஏர் என்று ஏறியிருக்கும். மகள் கல்யாணத்துக்காக அதில் ஒரு மாவைப் பக்கத்து வயல்காரருக்கு விற்கிறார். பத்திரம் முடிந்துவிட்டது, சர்வேயர் வந்து அளந்து கல்லும் நட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது கணக்கைத் திருத்துவது ஒன்றுதான்.

அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வேலை. நிலத்தின் புல எண் 112, உட்பிரிவு 3 என்று கொள்வோம். முதலில் 112/3 என்ற பழைய வரி நீங்க வேண்டும். அடுத்து 112/3ஏ என்று 27 ஏருக்கு ஒரு வரி, விற்றவர் பேரில். மூன்றாவதாக 112/3பி என்று 13.5 ஏருக்கு ஒரு வரி, வாங்கியவர் பேரில். நான்காவதாக விற்றவர் பட்டாவில் மொத்தப் பரப்பு குறைய வேண்டும். ஐந்தாவதாக வாங்கியவர் பேரில் புதுப் பட்டா பிறக்க வேண்டும்.

முதல் வேலை முடிந்ததும் கணினி நின்றுவிட்டது என்றால்? வயல் வயலாகவே கிடக்கும்; கணக்கில் 40.5 ஏர் காணாமல் போயிருக்கும். சரி, புது வரிகளை முதலில் எழுதிவிட்டுப் பழையதைக் கடைசியில் நீக்கலாமே என்றால், நடுவில் நின்றால் 40.5 ஏர் நிலத்துக்குக் கணக்கில் 81 ஏர் இருக்கும். எந்த வரிசையில் செய்தாலும் இடையில் ஒரு பொய்க் கணம் உண்டு. அந்தக் கணத்தில் யாராவது சிட்டா எடுத்துவிட்டால் பொய் அச்சாகிக் கையில் வந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடவும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும் சிட்டா அடங்கலைத்தான் கேட்கிறார்கள். ஆகவே இது வெறும் கணினிக்காரர் கவலை இல்லை.

ஐந்தும் நடக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தில் ஒன்றுகூட நடந்திருக்கக் கூடாது. நடுவழியில் நிற்கும் நிலையை வெளியிலிருந்து ஒருவரும் பார்க்கக் கூடாது. இப்படி ஒன்றாகக் கட்டப்பட்ட வேலைத் தொகுப்புக்குத்தான் தரவுத்தள உலகில் பரிவர்த்தனை என்று பெயர்.

ஒப்பந்தத்திலிருந்து வந்த கருத்து

இந்தக் கருத்துக்குத் தெளிவான உருவம் கொடுத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே. 1981இல் எழுதிய கட்டுரையில், பரிவர்த்தனை என்ற எண்ணம் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்று அவரே விளக்குகிறார். இரண்டு பேர் பேரம் பேசுகிறார்கள், இழுபறி நடக்கிறது, நிபந்தனைகள் மாறுகின்றன. கையெழுத்து விழும் வரை எதுவும் கட்டுப்படுத்தாது, விழுந்தபின் எல்லாம் கட்டுப்படுத்தும். நம் ஊர் நில விற்பனையும் அப்படித்தானே. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் செல்லும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பாதி பதிவான பத்திரம் என்று ஒன்று கிடையாது.

1983இல் தியோ ஹேர்டர், ஆந்திரேயாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானியர் இந்த வாக்குறுதியை நான்கு குணங்களாகப் பகுத்து ‘ஆசிட்’ என்று சுருக்கப் பெயரிட்டனர். முழுமை: எல்லாம் அல்லது எதுவும் இல்லை. ஒழுங்கு: 27ம் 13.5ம் கூட்டினால் 40.5 வர வேண்டும் என்பது போன்ற விதிகள் மீறப்படாமை. தனிமை: ஒருவர் அரைகுறையாகச் செய்துகொண்டிருப்பது இன்னொருவர் கண்ணில் படாமை. நிலைப்பு: முடிந்தது என்று சொன்னபின் மின்சாரம் போனாலும் அழியாமை. கிரே இந்தத் துறைப் பங்களிப்புக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றார். 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை.

ஐந்தை ஒன்றாக்கும் வித்தை

வாக்குறுதி கொடுப்பது எளிது. எந்த வட்டும் ஐந்து வெவ்வேறு இடங்களில் ஒரே கணத்தில் எழுதாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும்; இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போகவும் செய்யும். பிறகெப்படி ஐந்தும் ஒரே கணத்தில் நடந்தது போலாகும்?

பழைய மளிகைக் கடைகளில் அன்றைய வரவு செலவெல்லாம் முதலில் நாள்வழிக் கணக்கில் வரிசையாக ஏறும். ஆளாளுக்கு உரிய பக்கம் பார்த்துப் பேரேட்டில் எடுத்து எழுதுவது பிறகுதான். பேரேடு எழுதும்போது பாதியில் எழுந்து போனாலும் பாதகமில்லை, நாள்வழியைப் பார்த்து மீண்டும் எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளமும் இதையே செய்கிறது. உண்மையான வரிகளைத் தொடுமுன் “112/3 நீக்கம், 112/3ஏ சேர்ப்பு, 112/3பி சேர்ப்பு…” என்று செய்யப்போகும் அனைத்தையும் லாக் என்னும் பதிவேட்டின் கடைசியில் எழுதுகிறது. எல்லாம் எழுதியான பிறகு, ‘உறுதி’ என்று சின்னதாக ஒரு குறி.

அந்தக் குறி வட்டில் விழும் நேரம்தான் பரிவர்த்தனை நடந்த நேரம். அதற்கு ஒரு நொடி முன்பு மின்சாரம் போனால், மீண்டும் எழும் கணினி பதிவேட்டைப் படித்து, உறுதிக் குறி இல்லாததால் அந்த ஐந்தையும் ஒதுக்கிவிடும். ஒரு நொடி பின்பு போனால், குறி இருப்பதால் விட்டுப்போன வரிகளைத் தானே எழுதி முடிக்கும். ஐந்து எழுத்தை ஒரே கணத்துக்குள் அடைக்க முடியாது. ஆனால் ஐந்தின் தலையெழுத்தையும் ஒரே ஒரு சின்ன எழுத்தின் மேல் சார்த்திவிட முடியும். இந்தத் துறையின் அழகு முழுவதும் இதில் இருக்கிறது.

ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி விழுந்தால், எதை மீண்டும் செய்வது, எதை மறுதலிப்பது என்று பிரித்தெடுப்பது பெரும் சிக்கல். அதை ஒழுங்காக அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்து 1977இல் அமெரிக்கா சென்ற சி. மோகன், ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடன் ஆய்வகத்தில் இருந்தபோது சக ஆய்வாளர்கள் நால்வருடன் உருவாக்கிய முறைக்கு ‘ஏரீஸ்’ என்று பெயர். 1992இல் வெளியான அந்தக் கட்டுரையின்படி மீட்பு மூன்று நடையாக நடக்கிறது. முதல் நடையில் விழுந்த நேரத்தில் என்ன நிலவரம் என்று பதிவேட்டிலிருந்து கணிப்பது. இரண்டாவதில் வரலாற்றை அப்படியே மறுபடி நடத்துவது. முடியாமல் போன வேலைகளையும் சேர்த்தே நடத்துவது. மூன்றாவதில் முடியாதவற்றை மட்டும் பின்னோக்கிக் கழிப்பது. கழிக்கப்போவதையும் முதலில் செய்துவிட்டே கழிப்பது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் விழுந்த கணத்தின் நிலைக்கு அச்சு அசலாகத் திரும்பி வந்தால்தான் கழித்தல் பிசகாது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் இந்த வழியில் வந்தவை.

மேகத்தில் ஒரு கிராமக் கணக்கு

இதெல்லாம் ஒரே கணினிக்குள் நடக்கும் கதை. மேகக் கணினியில் அட்டவணை ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கணினிகளில் துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கும். மைக்ரோசாஃப்ட்டின் அசூர் டேபிள் சேமிப்பகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008லிருந்து இயங்கும் அதன் உள்கட்டமைப்பைப் பற்றி அதைக் கட்டியவர்களே 2011இல் ஒரு கட்டுரை எழுதினர். அசூரின் தென்னிந்தியத் தரவு மையம் சென்னையில் இருக்கிறது.

அங்கே ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அடையாளம்: பார்ட்டிஷன் கீ, ரோ கீ. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் சிட்டா எடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மாவட்டம் தஞ்சாவூர், வட்டம் ஒரத்தநாடு, கிராமம் ஒக்கநாடு கீழையூர் என்று தேர்ந்தெடுத்த பிறகே புல எண்ணையோ பட்டா எண்ணையோ கேட்கும். 112 என்ற புல எண் மேலையூரிலும் இருக்கலாம். கிராமத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரே வயலைக் குறிக்கும். நம் எடுத்துக்காட்டை அசூர் அட்டவணையில் ஏற்றினால் கிராமம் பார்ட்டிஷன் கீ. புல எண்ணும் பட்டா எண்ணும் ரோ கீ.

ஒரே பார்ட்டிஷன் கீ உள்ள வரிகள் சேர்ந்தது ஒரு பார்ட்டிஷன். ஒரே பார்ட்டிஷனுக்குள் இருக்கும் வரிகள்மீது பல வேலைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பலாம். சேர்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம். கட்டுக்குள் அதிகபட்சம் 100 வேலை. மொத்த எடை 4 எம்பிக்குள். ஒரே வரி கட்டுக்குள் ஒரு தடவைதான் வரலாம். ஏதாவது ஒன்று தவறினால் அனைத்தும் தள்ளுபடி. எத்தனையாவது வேலையில் தவறு என்பதும் பதிலில் வரும். அந்த எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதை மறந்து, மூன்றாவது வரியின் தவறுக்கு இரண்டாவதைத் தோண்டிக்கொண்டிருப்பது நிரலர்களுக்குப் பழகிய தொல்லை.

ஒரே வரியை இருவர் ஒரே சமயம் திருத்த வந்தால்? ஒவ்வொரு வரியிலும் ஈடேக் என்று ஒரு முத்திரை உண்டு. வரி மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறும். “நான் படித்தபோது இந்த முத்திரை இருந்தது, இப்போதும் இருந்தால் மட்டும் மாற்று” என்று சொல்லி அனுப்பலாம். விற்றவரின் பட்டாவை இன்னொரு மேசையில் யாரோ நடுவில் திருத்திவிட்டால் முத்திரை பொருந்தாது. நம் ஐந்து வேலைக் கட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும். புது நிலவரத்தைப் படித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். பூட்டுப் போட்டுக் காக்க வைக்கும் வேலை இல்லை.

கட்டாக அனுப்புவதில் வேகமும் மிச்சம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரத்தநாட்டிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். போய் வர இயற்கை அனுமதிக்கும் மிகக் குறைந்த நேரமே 3 மில்லிநொடி. நூறு வேலையைத் தனித்தனியாக, பதில் வரக் காத்திருந்து அனுப்பினால் நூறு பயணம். கட்டினால் ஒன்று.

ஏன் ஒரே கிராமம்?

கட்டில் உள்ள எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருக்க வேண்டும் என்ற விதிதான் இதில் மிகக் கண்டிப்பானது. கீழையூரில் ஒரு மாவைக் கொடுத்து மேலையூரில் ஒரு மாவை மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரத்தை நம் அட்டவணையில் ஒரே கட்டாக ஏற்ற முடியாது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் முன்பு பார்த்த லாக் பதிவேடு.

அசூரில் எந்தப் பார்ட்டிஷனுக்கும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பணிக்கணினிதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு குத்தகை போல, குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. கீழையூர் வரிகள் எல்லாம் ஒருவர் பொறுப்பில் இருப்பதால் ஐந்து வேலையும் ஒரே பதிவேட்டில், ஒரே முடிவாக ஏறும். அந்தப் பதிவேடு மூன்று வெவ்வேறு கணினிகளில் நகலாகி, மூன்றிலும் விழுந்த பிறகே “முடிந்தது” என்று பதில் போகும். பொறுப்பாளர் கணினி செத்தால் குத்தகை வேறொன்றுக்கு மாறும்; புதியவர் பதிவேட்டைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மேலையூருக்கு வேறு பொறுப்பாளர், வேறு பதிவேடு. இப்போது உறுதிக் குறி இரண்டு இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் விழுந்து மற்றதில் விழாமல் போகலாம். இதற்கும் தீர்வு இல்லாமல் இல்லை. முதல் சுற்றில் இரு தரப்பையும் “தயாரா?” என்று கேட்டு, இருவரும் ஆம் என்று எழுதிக் கொடுத்த பின் இரண்டாம் சுற்றில் “முடியுங்கள்” என்று சொல்வது. இருகட்ட உறுதி என்ற இந்த முறையில் ஒரு சங்கடம்: தயார் என்று சொன்னவர் இரண்டாவது உத்தரவு வரும்வரை முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. உத்தரவு கொடுக்க வேண்டியவர் விழுந்துவிட்டால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இதில் வீணாகும் எழுத்தையும் செய்திகளையும் குறைக்க, “தகவல் இல்லையென்றால் ரத்து என்றே கொள்” என்னும் திருத்தத்தைக் கொண்டுவந்த குழுவிலும் மோகன் இருந்தார். 1986இல் வெளியான அந்த முறை பிறகு தொழில்துறைத் தரத்திலேயே இடம்பெற்றது.

அமேசானின் மேகத் தரவுத்தளமான டைனமோடிபி 2018இல் பார்ட்டிஷன்களையும் அட்டவணைகளையும் தாண்டிய பரிவர்த்தனைக்கு இடம் கொடுத்தது. அங்கேயும் கட்டுக்கு எல்லை உண்டு. 2022இல் அது 25லிருந்து 100 ஆனது. அதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு வரிக்கும் தயாராக ஒன்று, முடிக்க ஒன்று என்று உள்ளே இரண்டு எழுத்து நடக்கிறது, கட்டணமும் அப்படியே இரட்டிப்பு. எல்லை தாண்டலாம், சுங்கம் கட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லையைப் பெரிதாகப் போட்டால் என்ன? ஒரத்தநாடு வட்டம் முழுவதையும் ஒரே பார்ட்டிஷன் ஆக்கினால் கீழையூரும் மேலையூரும் ஒன்றுக்குள் வந்துவிடுமே. வரும், ஆனால் வட்டத்தின் வேலை அனைத்தும் ஒரே பொறுப்பாளர் தலையில் விழும். ஒரு கேபி அளவுள்ள வரிகளாக இருந்தால் ஒரு பார்ட்டிஷன் நொடிக்கு 2,000 வரை தாங்கும் என்பது அசூர் சொல்லும் இலக்கு. மொத்தச் சேமிப்பகக் கணக்குக்கு (அக்கவுன்ட்) 20,000. மாறாக, ஒவ்வொரு பட்டாவையும் தனிப் பார்ட்டிஷன் ஆக்கினால் வேகம் கூடும். ஆனால் விற்றவர் பட்டாவும் வாங்கியவர் பட்டாவும் இரண்டு பக்கம் பிரிந்துபோய், நம் ஐந்து வேலையைக் கட்டவே முடியாது.

கிராமம் சரியான நடுநிலை. நம் வருவாய்த் துறை நெடுங்காலமாக வைத்திருக்கும் எல்லையும் அதுவே. அ-பதிவேடு கிராமத்துக்கு ஒன்று. பட்டா எண் கிராமத்துக்குள்ளேயே ஓடும். ஒருவருக்கு இரண்டு கிராமத்தில் நிலம் இருந்தால் பட்டாவும் இரண்டு. பிரிவது, சேர்வது, கைமாறுவது என்று ஒரு வயலுக்கு நேரும் மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தக் கிராமக் கணக்குக்குள்ளேயே முடிந்துவிடும். சேர்ந்து மாறுபவற்றைச் சேர்த்து வை என்பதுதான் மேகக் கணினி அட்டவணை வடிவமைப்பின் முதல் பாடம். அதை வரி எழுதும் நாளில் தீர்மானிக்க முடியாது. பார்ட்டிஷன் கீயைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே தீர்மானித்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு வரியின் கீயைப் பிறகு மாற்ற வழியில்லை. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டு துறை, இரண்டு பதிவேடு

எல்லை தாண்டும் சிக்கலுக்கு நம்மூரிலேயே எல்லோரும் அறிந்த உதாரணம் உண்டு. “பத்திரம் ஆயிடுச்சு, பட்டா இன்னும் மாறல.” பத்திரம் பதிவுத் துறையின் பதிவேட்டில் ஏறுகிறது, பட்டா வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு பொறுப்பாளர். முதலாவதில் உறுதிக் குறி விழுந்து, இரண்டாவதில் விழாத இடைக்காலத்தில், வில்லங்கச் சான்றில் வாங்கியவர் பேரும் பட்டாவில் விற்றவர் பேரும் இருக்கும். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கும் மோசடிக்கு இந்த இடைவெளி வசதியான இடம்.

தமிழ்நாட்டில் பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018இல் வந்தது. வருவாய்த் துறையின் தமிழ்நிலம் மென்பொருளோடு அது இணைக்கப்பட்டு, உட்பிரிவு தேவைப்படாத விற்பனைகளில் பத்திரத்தைத் தொடர்ந்து பட்டா தானாகவே மாறும் வழி பிறந்தது. உட்பிரிவு என்றால் நிலத்தை அளந்து புலப்படத்தைத் திருத்த வேண்டும். அதற்கு ஆள் வயலில் இறங்கியாக வேண்டும். அந்த நாட்கணக்கான வேலையை எந்தப் பரிவர்த்தனைக்குள்ளும் கட்டிவைக்க முடியாது.

இப்படி நீண்ட வேலைகளுக்குக் கணினி உலகில் 1987லேயே வேறொரு வழி சொன்னார்கள், ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும். பெரிய வேலையைச் சின்னச் சின்னப் பரிவர்த்தனைகளாக உடை. ஒவ்வொன்றுக்கும் ஈடுசெய்யும் எதிர்வேலை ஒன்றை வைத்துக்கொள். நடுவில் தடைப்பட்டால் முடிந்தவற்றை எதிர்வேலையால் சரிக்கட்டு. அவர்கள் வைத்த பெயர் ‘சாகா’. பதிவு அலுவலகம் இதை முன்பே செய்துவருகிறது. பதிவான பத்திரத்தில் பிழை என்றால் யாரும் அழிப்பதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்றைப் பதிவு செய்கிறார்கள். இரண்டும் வில்லங்கச் சான்றில் வரிசையாகத் தெரியும்.

பதில் வராத நேரம்

கட்டின் முழுப் பலன் தெரிவது, கட்டை அனுப்பிவிட்டுப் பதில் வருமுன் இணைப்பு அறுந்துபோகும்போதுதான். நடந்ததா, நடக்கவில்லையா? ஐந்து வேலையையும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் வீசியிருந்தால், எது முடிந்தது எது முடியவில்லை என்பதில் 32 விதம் உண்டு. நூறு வேலை என்றால் அந்த எண்ணிக்கை 31 இலக்கம் கொண்டது. ஒவ்வொரு சாத்தியத்துக்கும் மீட்பு வழி எழுதுவது மனிதரால் ஆகாத காரியம். கட்டாக அனுப்பியிருந்தால் நூறுக்கும் விடை இரண்டே: எல்லாம் நடந்தது, அல்லது எதுவும் நடக்கவில்லை. 112/3பி இருக்கிறதா என்று ஒரே ஒரு வரியைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றின் கதியும் தெரிந்துவிடும். பார்க்காமல் அதே கட்டை மறுபடி அனுப்பினாலும் பிழையில்லை. முன்பே முடிந்திருந்தால் அந்தக் கட்டு முழுவதுமாகத் திரும்பி வரும், நிலம் இரட்டிக்காது.

பரிவர்த்தனை தராதது ஒன்றும் உண்டு. எழுதியது உண்மைதானா என்று அது கேட்காது. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நிலப்பதிவேட்டுத் திருத்தத்தில் பேர் மாறி ஏறிய நிலங்களுக்கு இன்றும் ஆட்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தவறான பேரைக் கொடுத்தால் கணினி அந்தத் தவறையும் முழுமையாக, ஒழுங்காக, மூன்று நகலோடு பத்திரமாக வைக்கும். 27ம் 13.5ம் சேர்ந்து 40.5 வர வேண்டும் என்று விதி எழுதி வைத்தால் அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்; 13.5 சரிதானா என்பதற்கு, அளக்கும்போது இரண்டு பக்கத்து வயல்காரரும் வரப்பில் நின்றாக வேண்டும்.